விரயமாகும் பணத்தில் உறவினரின் பங்கு



திருக்குர்ஆனின் 17-ஆம் அத்தியாயம், 26-ஆம் வசனத்தைச் சிந்தியுங்கள். உறவினர், ஏழை, வழிப்போக்கர் ஆகியோரின் உரிமையைக் கொடுத்துவிட ஏவிய இறைவன், அதே வசனத்தில் வீண்விரயத்தையும் தடுக்கின்றான். நாம் விரயமாக்கும் பணத்தில் பிறருடைய பங்கும் உண்டு என்பதன்றோ இதன் படிப்பினை!

இன்று கடைவீதி நம் கைப்பேசிக்குள் வந்துவிட்டது. அரிசியும் எண்ணெயும் வாங்க நுழைந்தவர், ‘சலுகை முடிய 10 நிமிடங்களே’ எனும் அறிவிப்பைக் கண்டு தேவையற்றதையும் வாங்கிவிடுகின்றார். இத்தகைய பொய் அவசரத்தையும், கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பதையும் இந்தியாவின் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் தடை செய்தது. ஆயினும் நம் ஆசைக்குச் சட்டம் கடிவாளமிடாது. அது நம் பொறுப்பு.

எனவே, மாதத் தொடக்கத்தில் உறவினருக்கும் ஏழைக்கும் உரியதை முதலில் எடுத்து வையுங்கள். பின்னர் வீட்டாருடன் அமர்ந்து, அடுக்களையில் எஞ்சியிருப்பதைப் பார்த்துப் பட்டியல் எழுதி, ஒரே முறையில் வாங்குங்கள். பட்டியலில் இல்லாததை மனம் நாடினால் அடுத்த மாதத்திற்குத் தள்ளி வையுங்கள். அப்போதும் தேவைப்பட்டால் வாங்கலாம். பெரும்பாலானவை அதற்குள் மறந்தே போகும்.

கஞ்சத்தனமும் வேண்டாம், விரயமும் வேண்டாம். நடுநிலையோடு செலவிட அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.