ஆணையும் வசையும்



ஆங்கிலத்தில் 'ஸ்வேர்' என்றொரு வினைச்சொல் உண்டு. கடவுள்மேல் ஆணையிடுவதற்கும் அதுவே சொல். இழிசொல் கூறித் திட்டுவதற்கும் அதுவே சொல். தமிழிலோ ஆணை வேறு, வசை வேறு. ஆகையால் இச்சொல் நம்மவரை எளிதில் ஏமாற்றிவிடும். என்னையும் ஒருமுறை ஏமாற்றியது.

திண்டிவனத்தில் நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிது. வகுப்பில் ஒரு புத்தகம் காணாமற்போயிற்று. நடந்ததை ஆங்கிலத்தில் எழுதித் தருமாறு மாணவன் ஒருவனிடம் கூறினேன். அவன் எழுதித் தந்த தாளில், தன் நண்பன் 'ஸ்வோர் ஆன் ஹிஸ் மதர்' என்றிருந்தது. பெற்ற தாயையே இழித்துப் பேசினான் என்று பொருள்கொண்டு, அந்த நண்பனை வகுப்புக்கு வெளியே நாள் முழுதும் நிற்க வைத்தேன். மாலையில் அகராதியைப் புரட்டியபோதுதான் உண்மை விளங்கிற்று. புத்தகத்தைத் தான் எடுக்கவில்லை என்று அவன் தாயின்மேல் ஆணையிட்டிருக்கிறான். அவ்வளவே!

இவ்வினைக்குப் பின்னே வரும் சிறு சொல்லே பொருளை முடிவு செய்கிறது. 'ஆன்' அல்லது 'பை' வந்து, எதன்மேல் ஆணை என்பதைச் சுட்டினால் அது சத்தியம். 'அட்' வந்தால் அது வசை. 'இன்' சேர்ந்தால் பதவிப் பிரமாணம் செய்வித்தல். 'ஆஃப்' சேர்ந்தால் மது போன்றதொரு பழக்கத்தை விட்டொழிப்பதாக உறுதி பூணுதல்.

மறுமொழியைக் குறிக்கும் 'ஆன்சர்' என்னும் சொல்லும் இதற்கு உறவே. பழைய ஆங்கிலத்தில் அதன் பொருள், சாட்டிய குற்றத்திற்கு எதிராகச் சத்தியம் செய்து மறுத்தல் என்பது. அத்தகைய உயர்ந்த சொல் வசையானது எவ்வாறு? தொட்டதற்கெல்லாம் சினத்தோடு இறைவன் பெயரை இழுத்து ஆணையிட்டதால், ஆணையே வசையாகத் தாழ்ந்தது. 1745-இல் இங்கிலாந்தில் இதற்கெனத் தண்டச் சட்டம் ஒன்று பிறந்தது. கூலியாளுக்கும் மாலுமிக்கும் 1 ஷில்லிங். கனவானுக்கு 5 ஷில்லிங்! உயர்ந்தவர் நாவுக்குக் கட்டுப்பாடும் மிகுதியாக வேண்டுமென்று கருதினர் போலும். 1967-இல் அச்சட்டம் நீக்கப்பட்டது.

நம் நாட்டில், விழுப்புரத்திலாயினும் திண்டிவனத்திலாயினும், நீதிமன்றச் சாட்சி ஒருவர் கடவுள் பெயரால் ஆணையிடலாம். அன்றி உளமார உறுதி கூறலாம். 1969-ஆம் ஆண்டின் பிரமாணச் சட்டம் இவ்விரு வழிகளையும் ஏற்கிறது. எவ்வழியில் கூறினும் பொய்ச் சாட்சி குற்றமே.

என் கதையை முடிக்கவில்லை. அம்மாணவன் விழுப்புரத்திலிருந்து நாள்தோறும் ரயிலில் வருபவன். அன்றிரவே மயிலம், விக்கிரவாண்டி வழியாக ரயிலேறிச் சென்று, அவன் வீட்டுத் திண்ணையில் அவன் தந்தையிடம் என் பிழையைச் சொல்லி வருந்தினேன். அவர் சினக்கவில்லை.

"மெய் பேசுகிறவனுக்குச் சத்தியம் எதற்கு ஐயா? தாயைச் சாட்சிக்கு இழுத்தது அவன் பிழை. கேட்காமல் தண்டித்தது தங்கள் பிழை. கணக்குச் சரியாயிற்று," என்றார்.

கணக்குச் சரியாகவில்லை என்பதை நான் அறிவேன். மறுநாள் வகுப்பார் அனைவர் முன்னும் அம்மாணவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அன்றுமுதல், ஒரு சொல்லை வைத்து ஒருவரைக் குற்றவாளி ஆக்குமுன், அதற்கடுத்த சொல்லையும் படிக்கிறேன். நீங்களும் படியுங்கள்.