புளி வாங்கும் மாதம்



மாசி பாதியிலிருந்து சித்திரை வரைக்கும் எங்கள் மதுரைத் தெருவின் மொட்டை மாடிகளில் பழைய வேட்டிகள் விரிந்து கிடக்கும். ஒன்றில் புளி, ஒன்றில் மிளகாய் வற்றல், ஒன்றில் மல்லி. காக்கைக்குப் பயங்காட்ட ஓரத்தில் ஒரு கறுப்புக் குடை. 'வருஷச் சாமான் போடுவது' என்று இதைச் சொல்வோம். இப்போது அந்த வேட்டிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். இந்தப் பழக்கம் உண்மையிலேயே காசு மிச்சம் பிடிக்கிறதா, இல்லை பாட்டி செய்தாள் என்பதற்காக நாமும் செய்கிறோமா? இன்று அதைத்தான் எடை போட்டுப் பார்க்கப் போகிறேன்.

முதலில், ஏன் அந்த மாதங்கள்? தருமபுரி, கிருஷ்ணகிரி மரங்களில் புளி உலுக்குவது அப்போதுதான். ராமநாதபுரத்து முண்டு மிளகாய் களத்துக்கு வருவதும், விருதுநகர், தூத்துக்குடி கரிசலில் விளைந்த மல்லி மூட்டையேறுவதும் ஏறத்தாழ அதே சமயம். சரக்கு குவிகிறபோது விலை இறங்கும். அதற்குப் பிறகு அது கிட்டங்கியில் கிடக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் வாடகை, முதலுக்கு வட்டி, காய்ந்து குறையும் எடை எல்லாம் விலையில் ஏறும். ஐப்பசியில் நாம் கால் கிலோ புளி வாங்கும்போது இவற்றையும் சேர்த்தே கொடுக்கிறோம். அந்தக் கிட்டங்கி வாடகையை வீட்டுப் பரண் சம்பாதித்துக் கொள்வதுதான் இந்த வித்தையின் சூட்சுமம்.

புளியை எடுத்துக்கொள்வோம். புளியம்பழத்தின் எடையில் சதை ஏறக்குறைய 55 பங்கு, கொட்டை 34 பங்கு, ஓடும் நாரும் மீதி. ஆக, ஓடு நீக்கிய கொட்டைப்புளி ஒரு கிலோ வாங்கினால் கைக்கு வருகிற சதை சுமார் 600 கிராம்தான். கொட்டைப்புளி கிலோ 100 ரூபாய் என்று வையுங்கள். சுத்தமான புளியின் அடக்கவிலை சுமார் 167 ரூபாய் ஆகிறது. பக்கத்துக் கடையில் கொட்டை எடுத்த புளி 160 ரூபாய்க்குக் கிடைத்தால், நீங்கள் அரைநாள் குந்தி உட்கார்ந்து கொட்டை தட்டியதற்குக் கூலி இல்லை, கைநஷ்டம் வேறு. 200 ரூபாய் விற்றால் தட்டலாம். இந்தக் கணக்கைப் போடாமல் 'மலிவாக வாங்கினேன்' என்று சொல்லிக்கொள்கிறவர்களைப் பல வருஷமாகப் பார்க்கிறேன். நானும் அதில் ஒருத்தியாக இருந்தவள்தான். அந்தக் காலத்தில் கொட்டையையும் எடைக்கு வாங்கிப்போக ஆள் வருவார். புளியங்கொட்டை மாவு நெசவில் நூலுக்குக் கஞ்சி போட உதவும். அந்தச் சில்லறை இப்போது தெருவுக்கு வருவதில்லை.

இன்னொன்று ஈரம். வாங்கி வந்த புளியை இரண்டு நாள் வெயிலில் போட்டு மறுபடி நிறுத்துப் பாருங்கள். குறைகிற எடை அத்தனையும் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய தண்ணீர். காய்ந்த பிறகு, கல் உப்பை இடையிடையே தூவி, பீங்கான் ஜாடியிலோ மண்பானையிலோ அழுத்தி அடைக்க வேண்டும். அலுமினியப் பாத்திரம் ஆகாது, புளிப்பு அதை அரித்துவிடும். நாள்பட்டால் புளி கறுக்கும், கெடாது. குழம்பின் நிறம் மாறும், அவ்வளவுதான். வைத்துக் காப்பாற்றுகிற சாமான்களில் புளிக்கு நான் முதல் மதிப்பெண் கொடுப்பேன்.

மிளகாய் வற்றல் இரண்டாவது. கையில் எடுத்துக் குலுக்கினால் விதை கலகலவென்று சத்தம் போட வேண்டும். காம்போடு வைத்தால்தான் விதை கொட்டாது, காம்பை அரைக்கப் போகிற அன்றைக்குக் கிள்ளினால் போதும். ஒரு வற்றலில் பூசணம் கண்டாலும் கழுவிக் காயவைத்துச் சேர்க்காதீர்கள், தூக்கிப் போடுங்கள். பூசண நஞ்சு கழுவினால் போகாது. சிக்கனம் என்ற பெயரில் அதைச் சாப்பிட்டு வைத்தியச் செலவு செய்வது என்ன கணக்கு?

பருப்புக்கு வருகிறேன். இங்கே என் சொந்தக் கதை ஒன்று உண்டு. 2015 ஐப்பசியில் துவரம்பருப்பு கிலோ 200 ரூபாயைத் தாண்டியது நினைவிருக்கும். இரண்டு வருஷம் தொடர்ந்து மழை பொய்த்ததன் விளைவு அது. இன்னும் ஏறும் என்று பேச்சு அடிபட்டது. நான் பதறிப்போய் இருபத்தைந்து கிலோ வாங்கிப் போட்டேன். அடுக்கி வைத்தேனே தவிர, நன்றாகக் காயவைக்கவில்லை. ஆனி, ஆடிக்குள் பாதி டப்பாவில் வண்டு. அடுத்த வெள்ளாமை 2016 கடைசியில் வரத் தொடங்கியபோது துவரை அமோகமாக விளைந்து, அரசு அறிவித்த ஆதார விலைக்கும் கீழே போய் விவசாயிகள் கலங்கினார்கள். நான் உச்ச விலையில் வாங்கி வண்டுக்குப் படியளந்திருந்தேன். துவரை அறுவடை பெரும்பாலும் மார்கழியிலிருந்து மாசிக்குள். கலபுரகி, லாத்தூர் பக்கத்துச் சரக்கு அதையடுத்துத்தான் நம் ஊர் வந்து சேரும். வாங்குவதானால் அப்போது வாங்க வேண்டும். விலை ஏறுகிற செய்தியைக் கேட்டு ஓடுவது வருஷச் சாமான் போடுவதாகாது, சூதாட்டம்.

பருப்பை ஆறு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள் என்பது என் கட்சி. முழுப் பயறு இன்னும் மோசம், வண்டின் முட்டை வயலிலேயே ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடும். நல்ல வெயிலில் சுடச்சுடக் காயவைத்து, ஆறியபின் துளி விளக்கெண்ணெய் விட்டுப் பிசறி மூடுவது பழைய வழி. கொஞ்சமாக இருந்தால் ஃப்ரீசரில் நாலு நாள் வைத்து எடுப்பது புது வழி. இரண்டும் வேலை செய்கின்றன.

அரிசி மூட்டையாக வாங்கலாம். பழைய அரிசி சோறு உதிரியாக வரும் என்பதால், வைத்திருப்பதில் லாபம் இரட்டிப்பு. ரவையும் மைதாவும் மாதத்துக்கு வேண்டியது மட்டும். கடலை எண்ணெயை டின் கணக்கில் வாங்கினால் அடியில் போகப் போகக் காறல் வாடை வந்துவிடும். நல்லெண்ணெய் அதைவிடத் தாங்கும்.

பெரிய கடைகளில் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரிய பாக்கெட் என்றால் மலிவு என்று நம்பாதீர்கள். அதிகபட்ச விலையோடு, ஒரு கிராமுக்கு அல்லது ஒரு கிலோவுக்கு என்ன விலை என்பதும் பாக்கெட்டில் சின்ன எழுத்தில் அச்சாகிறது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் படியுங்கள். இரண்டு கால் கிலோ பாக்கெட், ஒரு அரைக் கிலோவைவிட விலை குறைவாக இருந்ததை நானே கண்டிருக்கிறேன்.

இனி, இந்தப் பழக்கத்தின் குறையையும் சொல்லிவிட வேண்டும். ஒரே மாதத்தில் மொத்தமாகப் போட முதல் வேண்டும். மாலையில் வாங்கும் கூலியில் இரவுச் சமையலுக்கு ஐந்து ரூபாய் மிளகாய்த்தூள் பாக்கெட் வாங்குகிற பெண்ணுக்கு இந்தப் புத்திமதியால் பயனில்லை. கிராம் கணக்குப் பார்த்தால் நம் எல்லோரையும்விட அதிக விலை கொடுப்பவள் அவள்தான். அவளுக்கு முதல் துணை ரேஷன் கடை. அட்டைக்கு அரிசி இலவசம், துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். இதைக் கௌரவக் குறைச்சல் என்று விட்டுவிட்டு வெளியில் வாங்குகிற நடுத்தரக் குடும்பங்களும் உண்டு. அவர்கள் சிக்கனத்தைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது.

இரண்டாவது துணை, பக்கத்து வீடு. எங்கள் தெருவில் மூன்று வீடு சேர்ந்து தைப் பொங்கல் கழிந்ததிலிருந்து வீட்டுக்கு வாரம் நூறு ரூபாய் ஒரு டப்பாவில் போடுவோம். பங்குனியில் ஒரு மூட்டை புளியை வாங்கி, ஒரே மாடியில் காயவைத்து, மூன்றாகப் பங்கு வைப்போம். கொட்டை தட்டும்போது பேச்சுக்கும் குறைவில்லை.

புதுப்புளி சந்தைக்கு வந்துவிட்டது. வாங்கப் போகிறவர்கள் கொட்டைப்புளி விலையையும், கொட்டை எடுத்த புளி விலையையும் இரண்டு கடையில் கேட்டுவிட்டுப் பையை நீட்டுங்கள். வெயில் நன்றாக அடிக்கிறது, இந்த வாரமே காயப் போட்டுவிடலாம்.