நாளைப் போவார்கள்

(சிதம்பரத்தில் மாணவர்கள் கூடிய ஒரு கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை அங்கங்கே அப்படியே விடப்பட்டுள்ளது.)



'சொந்த ஊரிலேயே இருப்பதா, வெளியேறுவதா' என்று தலைப்பு கொடுத்திருக்கிறீர்கள். எனக்கு முதல் இரண்டு சொல்லிலேயே தகராறு இருக்கிறது. எங்கம்மா மளிகைக் கடைக்குக் கிளம்பினா, "ஊருக்குள்ள போயிட்டு வந்துடறேன்டா"ன்னு சொல்லிட்டுத்தான் படி இறங்குவாங்க. கடை இருப்பது அரைக் கிலோமீட்டரில். அங்கே போவதுதான் ஊருக்குப் போவது என்றால், எங்கம்மா இத்தனை வருசம் குடியிருந்தது எங்கே? எங்க ஆயா காலத்தில் அதுக்குச் சேரின்னு பேர். அப்புறம் காலனி ஆச்சு. அரசாங்கத் தாளில் எல்லாருக்கும் ஒரே ஊர்ப் பெயர்தான் போட்டிருக்கிறது. வாயில் வரும்போது வேறாகிவிடுகிறது.

அதனால், சொந்த ஊரை நினைத்து உருகுகிற கவிதைகளைப் படிக்கும்போது எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். குளம், ஆலமரம், தேர், திண்ணை. நானும் கவிதை எழுதுகிறவன்தான். ஆனா அந்தக் குளத்தில் எங்க ஆயா இறங்கினதில்லை. அந்தத் திண்ணையில் எங்க தாத்தா உட்கார்ந்ததில்லை. உனக்கு ஏக்கமே கிடையாதா என்று கேட்டால், பொய் சொல்லக் கூடாது, இருக்கு. கடலூர் முதுநகர்ப் பக்கம் கருவாட்டு வாசனை அடிச்சா பஸ்ஸிலேயே எழுந்து நின்னுடற ஆள் நான்.

இந்தக் கேள்வியைச் சிதம்பரத்தில் வைத்துக் கேட்கும்போது நந்தனை விட்டுவிட்டுப் பேச முடியாது. இருந்த இடத்தைவிட்டுப் புறப்பட நினைத்த நம் ஆட்களில் கதையாக நமக்குக் கிடைத்திருக்கிற முதல் ஆள் அவன்தான். பேரே அப்படித்தான், திருநாளைப்போவார். நாளைக்குப் போவேன், நாளைக்குப் போவேன் என்று சொல்லிக்கொண்டே இருந்ததால் வந்த பேர். இத்தனைக்கும் கொள்ளிடக் கரை ஆதனூரிலிருந்து தில்லை ஒன்றும் வேறு தேசம் இல்லை.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரிய புராணத்தில் நந்தனுக்குப் பண்ணையார் கிடையாது. பறைத்துடவை என்ற மானிய நிலத்தில் ஜீவனம். கோயில் முரசுகளுக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் கொடுத்து வாழ்கிறான். தன் பிறப்பு பற்றிய நினைப்புதான் அங்கே அவனைத் தடுக்கிறது. நாற்பது வேலி நிலமும், உத்தரவு தர மறுக்கிற பிராமண ஆண்டையும் வந்து சேர்வது, கோபாலகிருஷ்ண பாரதி எழுதி 1860களின் தொடக்கத்தில் அச்சேறிய 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை'யில். ஒரே ராத்திரியில் நாற்பது வேலி வேலையையும் முடித்தால் போகலாம் என்கிறார் ஆண்டை. இறைவன் அருளால் வேலை முடிந்துவிடுகிறது. கச்சேரியில் அந்த இடம் வந்தால் பக்தி என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். எனக்கு அங்கே ஒரு பண்ணையாள் லீவு கேட்பதுதான் தெரிகிறது. இவன் போய்விட்டால் சேற்றில் இறங்க யார் இருக்கிறார்கள் என்ற கவலை ஆண்டைக்கு.

பாரதி அதைக் கற்பனையில் இருந்து மட்டும் எடுத்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். அந்தக் காலத்தைப் பாருங்கள். 1843இல் சட்டப்படி அடிமை முறை முடிந்துவிட்டது. ஆனால் படியாள் படியாளாகவே இருந்தான். 1860 நவம்பரில், சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்ற கப்பல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் போய் நின்றது. மொரீஷியசுக்கு அதற்கு முன்பே போய்க்கொண்டிருந்தார்கள். அப்புறம் மலாயா, ஃபிஜி. இலங்கைக்கும் பர்மாவுக்கும் போன சனம் தனி. ஆள்பிடிப்பவர்களுக்கு நம் தென்னார்க்காடு முக்கியமான மாவட்டங்களில் ஒன்று. கரும்புத் தோட்டத்தில் அடிபட்டுச் செத்தவர்களை மறந்துவிட்டு இதைச் சொல்லவில்லை. ஆனாலும் அந்தக் கப்பலில் ஏறியவர்களில் ஆண்டையிடம் உத்தரவு கேட்காமல் ஏறியவன் இருந்தான். கூலி ஆள் கடல் தாண்டிப் போகிறான் என்று மிராசுதார்கள் சர்க்காரிடம் புலம்பினார்களே, பின்னே எதுக்காம்?

போகாமல் இருந்தவனை எதை வைத்துப் பிடித்து வைத்தார்கள்? கடனை வைத்துப் பிடித்தார்கள். அதைவிட மோசமாக, மனையை வைத்துப் பிடித்தார்கள். 1891-92இல் செங்கல்பட்டு மாவட்டப் பறையர்களின் நிலைமை பற்றி அறிக்கை கொடுத்த ட்ரெமன்ஹீர் இதைக் கவனித்திருந்தார். குடிசை நிற்கிற மண் மிராசுதார் பிடியில். எதிர்த்து ஒரு வார்த்தை பேசினால் குடிசையைப் பிரிச்சிக்கினு போடா என்று சொல்லிவிடலாம். அந்த அறிக்கையின் தொடர்ச்சியாக வந்த பஞ்சமி நிலத்தின் கதை உங்களுக்குத் தெரியும். நான் மனையைப் பற்றி மட்டும் பேசுகிறேன். கடன் இருப்பதால் போக முடியாது, மனை இல்லாததால் இருக்கவும் உரிமை கிடையாது. இரண்டு பூட்டுக்கும் சாவி ஒரே ஆள் இடுப்பில். விவசாயத் தொழிலாளி குடியிருக்கிற மனையை அவனுக்கே சொந்தமாக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 1971இல்தான் வந்தது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல். எங்கப்பா பிறந்து பல வருசத்துக்கு அப்புறம்.

ஆக, இருப்பதா போவதா என்று ஒருத்தன் சாவகாசமாக உட்கார்ந்து யோசிக்கிறான் என்றால், அவன் கைக்கு இரண்டு சாவியும் வந்துவிட்டது என்று அர்த்தம். நமக்கு இன்னும் முழுசாக வரவில்லை. நான் சொல்ல வந்தது இதுதான்.

அம்பேத்கர் 1948 நவம்பர் 4ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தைப் பற்றிப் பேசியது இங்கே எல்லாருக்கும் மனப்பாடம். கிராமமே இந்தியாவின் ஆத்மா என்று மற்றவர்கள் பூரித்துக்கொண்டிருந்தபோது, அறியாமையும் குறுகிய புத்தியும் சாதிவெறியும் ஊறிக் கிடக்கிற இடம் அது என்று முகத்துக்கு நேரே சொன்னார். அதற்கு முன்பே, 1942 நாகபுரி மாநாட்டில், நமக்குத் தனிக் குடியேற்றங்கள் வேண்டும் என்ற தீர்மானம் வந்துவிட்டது. இதில் எனக்கு மறுபேச்சு இல்லை. சில தோழர்கள் 'மண்ணைவிட்டு ஓடாதே, மக்களோடு நில்' என்கிறார்கள். அதில் பாதிப் பேர் சென்னையில் இருந்துகொண்டு சொல்கிறார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நம் மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். விருத்தாசலம் பக்கம் புதுக்கூரைப்பேட்டை. முருகேசன் நம்மில் ஒருவர், பொறியியல் பட்டதாரி. கண்ணகி வன்னியர் வீட்டுப் பெண். 2003 மே மாதம் கடலூரில் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். வெளியூரில் உறவினர் வீட்டில் வைக்கப்பட்டிருந்த கண்ணகியையும், முருகேசனையும் ஊருக்கே கொண்டுவந்து, ஜூலை 8ஆம் தேதி விஷம் ஊற்றிக் கொன்று எரித்தார்கள். இந்த இருவரிடமும் போய் 'ஊரிலேயே இருந்து போராடுங்கள்' என்று எந்த வாயால் சொல்வது? இன்னும் தூரமாப் போயிருந்தா பொழைச்சிருப்பாங்களேன்னுதான் எனக்குத் தோணும். ஆனா இன்னொன்றும் இருக்கிறது. முருகேசனின் குடும்பம் வழக்கை விடவில்லை. கடலூர் நீதிமன்றத்தில் 2021 செப்டம்பரில் தண்டனை வந்தது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் மேல்முறையீடுகளைத் தள்ளியது. இருபத்திரண்டு வருசம். அந்தக் குடும்பமும் வேறெங்கோ போய் வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்தத் தீர்ப்பு கிடைத்திருக்காது. போனால் பொழைக்கலாம் என்பதும், விடாமல் நின்றவர்களுக்குத்தான் நீதி வந்தது என்பதும் ஒரே கதைக்குள் இருக்கின்றன. இதை எனக்குத் தீர்த்துச் சொல்லத் தெரியவில்லை.

நம்மில் போனவர்களும் உண்டு, வந்தவர்களும் உண்டு. செங்கல்பட்டு மாவட்டம் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் சென்னைக்கு வந்து 1893இல் 'பறையன்' பத்திரிகை தொடங்கினார். பிறகு கடல் கடந்து ஆப்பிரிக்காவில் வருசக்கணக்காக இருந்துவிட்டு, 1921இல் திரும்பினார். திரும்பியவர் 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில், பொதுத் தெருவிலும் கிணற்றிலும் குளத்திலும் யாருக்கும் தடை கூடாது என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்தார். எங்க ஆயா இறங்காத குளம் என்று சொன்னேனே, அது எங்க ஆயா பிறப்பதற்கு முன்பே சட்டப்படி திறந்துவிட்ட குளம். காட்டுமன்னார்கோயில் இளையபெருமாள் 1952 தேர்தலில் டெல்லிக்குப் போனவர். 1965இல் அமைக்கப்பட்ட தீண்டாமை பற்றிய குழுவுக்குத் தலைவராக இருந்து 1969இல் அறிக்கை கொடுத்தார். இன்னைக்கும் அவர் பேரைச் சொன்னால் ஊர்ப் பேரும் சேர்ந்துதான் வருகிறது.

சகஜானந்தர் கதை வேறு மாதிரி. 1890இல் ஆரணிக்குப் பக்கத்தில் மேல்புதுப்பாக்கத்தில் முனுசாமியாகப் பிறந்தவர். திண்டிவனத்தில் மிஷன் பள்ளி, கோலார் தங்கவயல், சென்னை வியாசர்பாடி என்று அலைந்து 1910இல் இந்தச் சிதம்பரத்துக்கு வந்தார். அவருக்கு இது சொந்த ஊர் இல்லை. நந்தனை நெருப்பில் இறக்கிய ஊர் என்பது தெரிந்துதான் வந்தார். 1916இல் பள்ளி தொடங்கி, அதற்கு நந்தன் பேரையே வைத்தார். 1959இல் சாகும்வரை இங்கேயே இருந்தார். கிராமங்களிலிருந்து வந்த பிள்ளைகளுக்குப் படிப்பு மட்டும் கொடுத்தால் போதாது, இரவில் தலை சாய்க்க ஓர் இடம் வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால் பள்ளியோடு விடுதியும் வந்தது. நந்தனார் பள்ளியில் படித்த ஒருத்தராவது இல்லாத குடும்பம் இந்தக் கூட்டத்தில் எத்தனை இருக்கும்? கையைத் தூக்கச் சொல்லவில்லை, மனசுக்குள் எண்ணிப் பாருங்கள்.

என் சமாச்சாரத்துக்கு வருகிறேன். "அண்ணே, ரெண்டு தடவை ஆபீசர் பிரமோஷன் வேண்டாம்னு எழுதிக் கொடுத்தீங்களாமே, பயமா?" என்று கீழே ஒரு தம்பி கேட்டார். பிரமோஷன் வாங்கினா வெளி மாவட்டத்துக்கோ வெளி மாநிலத்துக்கோ போகணும், அதனால் வேண்டாமென்றேன். பயம் கொஞ்சம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு டவுனில் வாடகைக்கு வீடு தேடினேன். மூன்று வீட்டில் அட்வான்ஸ் வரைக்கும் பேசிவிட்டு, "நீங்க எந்தப் பக்கத்து ஆளுங்க?" என்று கேட்டார்கள். கேட்டதோடு வீடு காலி இல்லாமல் போனது. பேங்க் வேலை இருந்தும் இந்தக் கதி. நகரத்துக்குப் போனால் சாதி போய்விடும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். அங்கே அது வாடகை ஒப்பந்தம் எழுதும் நேரத்தில் மட்டும் தலை நீட்டும், கிராமத்தில் நாள் பூரா இருக்கும். அந்த வித்தியாசம் சின்னது இல்லை.

ஆனா நான் போகாததற்கு முக்கியக் காரணம் வேற. கவுண்டரில் உட்கார்ந்து பார்க்கிறேன். திருப்பூரிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் நம்ம பசங்க அனுப்புகிற பணம் வருகிறது. அம்மாக்கள் எடுத்துப் போய் வீடு கட்டுகிறார்கள். ஒட்டு வீடு மாடி வீடாகிறது. மிச்ச வேலைக்குக் கடன் கேட்டு என்னிடமே வருகிறார்கள். "பத்திரம் இருக்கா, பட்டா இருக்கா?" என்று நானே கேட்க வேண்டியிருக்கிறது. பழைய மிராசுதார் கேட்ட கேள்வியை நான் கணினி முன்னால் உட்கார்ந்து கேட்கிறேன். எங்கம்மா கையிலும் ஒரு பட்டா தாள் இருக்கு. நான் குழந்தையாக இருந்தபோது கொடுத்தது, நாலாக மடிச்சு மடிச்சுக் கிழிஞ்சு போச்சு. இடத்தை அளந்து காட்டவில்லை, கணக்கில் ஏற்றவில்லை. சிட்டாவில் இன்னும் வேற ஒருத்தர் பேர். ஒரு அலுவலகத்தில் எங்க மனு மூன்று வருசமாகக் கிடக்கிறது. நான் ராஜஸ்தானிலோ ஒடிசாவிலோ உட்கார்ந்திருந்தா, எங்கம்மா அந்த மனுவைத் தூக்கிக்கிட்டு யார் மேசைக்குப் போவாங்க? தெருவில் பாதி வீட்டுக்கு இதே கதைதான்.

அதனால வேலை கிடைத்துப் போகிறவர்களை நான் தடுக்கவில்லை. போங்க. யாரிடமும் உத்தரவு கேட்காதீங்க, என்னிடமும்தான். போவதற்கு முன்னால் ஒன்று செய்துவிட்டுப் போங்க. உங்க வீடு நிற்கிற மண் யார் பேரில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போங்க. சர்வே எண் தெரியாதவர்கள் இந்தக் கூட்டத்தில் பாதிக்கு மேல் இருப்பீர்கள். பிரமோஷன் சுற்றறிக்கை இந்த வருசமும் வந்திருக்கு. கடைசித் தேதிக்கு இன்னும் நாள் இருக்கு, நான் கையெழுத்துப் போடல.

வர்ற திங்கள்கிழமை கடலூரில் ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர் நாள். எங்க தெரு ஆட்கள் மனுவோடு போகிறோம். காலை ஏழு மணிக்குச் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் நிற்போம். உங்க வீட்டில் பழைய பட்டா தாள் இருந்தா ரெண்டு ஜெராக்ஸ் எடுத்துக்கிட்டு வாங்க. ஒரிஜினலைக் கையில் வச்சுக்குங்க, எவர் கேட்டாலும் கொடுக்காதீங்க.