விவாகமும் குருதிச் சோதனையும்



சம்பந்தம் பேசுமுன் சாதகம் பார்ப்பது நம் வழக்கம். அதனோடு குருதியையும் சோதித்தல் வேண்டுமென்பதே இன்று நாம் கூற விழைவது.

தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாகப் பரம்பரையலகுகளை நாம் பெறுகின்றோம். குருதிக்குச் செந்நிறந் தரும் ஈமோகுளோபினை ஆக்கும் அலகுகளுள் ஒன்று பழுதுற்றிருப்பின், அவர் தலசீமியாக் காவி எனப்படுவர். அவர் நோயாளரல்லர், தம் நிலையை அறியாமலே வாழ்ந்து முடிக்கவுங் கூடும். ஆனால், காவிகள் இருவர் மணந்தாலோ, ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு நாலில் ஒன்று. கடுமையான நோயுற்ற பிள்ளை ஆயுள் முழுவதும் பிறர் குருதியை ஏற்றே வாழவேண்டும். இந்நோயாளர்க்கென நம் நாட்டிலே குருநாகலில் ஒரு சிகிச்சை நிலையமும் உண்டு.

எல்லா நோயும் இவ்வாறல்ல. நீரிழிவிலே பல அலகுகளின் சிறு மாற்றங்கள் ஒருங்கு சேர்கின்றன. அவற்றோடு உணவும் உடலுழைப்பும் நோயின் வாய்ப்பைக் கூட்டவுங் குறைக்கவும் வல்லன. தலசீமியாவிலோ முன்னறிவே காப்பு.

சைப்பிரஸ் தீவிலே 1970களில் தொடங்கிய சோதனைகளின் பயனாக, இந்நோயுடன் பிறக்கும் பிள்ளைகள் மிக அருகினர்.

"காவியென்றால் பெண்ணை யார் கொள்வார்?" எனப் பெரியோர் அஞ்சலாம். குருதியில் இத்தகைய பழுதில்லாத ஒருவரைக் காவி மணந்தால், அவர்தம் பிள்ளைக்கு இக்கடும் நோய் வராது. ஆகவே காவியை ஒதுக்குதல் அறிவுமன்று, அறமுமன்று.

சோதனை பெண்ணுக்கு மாத்திரம் உரியதன்று. வாலிபராகிய நாமே முதலிற் கைநீட்டுவோமாக!