நினைவகப் பழுதும் அதற்கான சொற்களும்



நாகூர் தர்கா நிற்கும் இந்தச் சூலியா தெருவில் கடைக்கும் கணக்குக்கும் வேண்டிய தமிழ்ச் சொற்கள் நெடுங்காலம் குறைவின்றிப் புழங்கின. தீவின் தென்கிழக்கே பாயான் லெப்பாசில் 1972ஆம் ஆண்டு தொழில் மண்டலம் தொடங்கியபோது நம் பிள்ளைகள் பலர் அங்கே வேலைக்குச் சென்றனர். பொறிகளைக் கற்றனர், அவற்றைப் பற்றித் தமிழில் பேச நாம் அவர்களுக்குச் சொல் கொடுத்தனுப்பவில்லை. இன்று அவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம்: நினைவகப் பழுது.

நம்மிடம் தமிழ் பயின்ற மாணவர் ஒருவர் தொழிற்சாலையொன்றில் பராமரிப்புப் பணியில் இருக்கிறார். அங்கே இயந்திர வரிசையை இயக்கும் பழைய கட்டுப்பாட்டுப் பெட்டியில், பி.எல்.சி. என்று அவர்கள் சொல்வதில், எச்சரிக்கை விளக்கு எரிந்தது. "மெமரி போச்சு" என்றார் உடனிருந்தவர். மின்சாரத்தை நிறுத்தி, நினைவக மாட்யூலைக் கழற்றிப் புதியதைப் பொருத்தினார்கள். மீண்டும் மின்சாரம் கொடுத்தபோது பெட்டியில் நிரலே இல்லை. படியும் எடுத்து வைத்திருக்கவில்லை. வரிசை இரண்டு நாள் நின்றது.

உண்மையில் தீர்ந்துபோயிருந்தது காப்பு பேட்டரி. அத்தகைய பெட்டிகளின் தற்காலிக நினைவகம் மின்சாரம் உள்ளவரைதான் எதையும் வைத்திருக்கும். மின்சாரம் நின்றால் பேட்டரிதான் தாங்கும். ஆகவே நிரலைப் படியெடுத்துக்கொண்டு, மின்சாரம் ஓடும்போதே பேட்டரியை மாற்ற வேண்டும். விளக்கு சொன்னதும் அதையே. 'போச்சு' என்ற ஒரு சொல் பேட்டரியையும் மாட்யூலையும் ஒன்றாக்கிவிட்டது.

மாட்யூலிலேயே பிழை தோன்றும்போதும் அது ஒருவகையன்று. ஒரு நினைவக முகவரியில் மீண்டும் மீண்டும் பிழை வந்தால் சில்லு கெட்டிருக்கலாம். ஒருமுறை தோன்றி, மறுபடி எழுதியதும் மறைந்தால் சில்லுக்கு ஊறில்லை. அதில் இருந்த ஒரு பிட் மட்டும் புரண்டிருக்கிறது. 1970களின் இறுதியில் இன்டெல் நிறுவனத்தின் மே, வுட்ஸ் என்னும் இருவர் இதற்கு ஒரு காரணம் கண்டறிந்தனர். சில்லை மூடிய உறைப்பொருளில் மிகச் சிறிய அளவில் கலந்திருந்த யுரேனியம், தோரியம் ஆகியவை வெளியிட்ட ஆல்பா துகள்கள் பிட்டைப் புரட்டின. காக்க வந்த உறையே கலைத்தது. அந்நிறுவனம் 1972இலேயே பினாங்கில் சில்லுகளுக்கு உறையிடும் ஆலையைத் தொடங்கியது என்பதால், இச்செய்தி நமக்கு அயலூர்ச் செய்தியன்று.

ஆங்கிலத்தில் இதனை 'சாஃப்ட் எர்ரர்' என்கின்றனர். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'மென்பிழை'. இதை நாம் ஏற்க இயலாது. மென்பொருள் என்ற சொல்லைப் பள்ளியிலேயே கற்ற மாணவன், மென்பிழை என்றால் மென்பொருளின் பிழை என்றே கொள்வான். குற்றமற்ற நிரலைத் திருத்தப் புகுவான். இதுவோ வன்பொருளில் நிகழ்வது. தொகைச்சொல்லின் முன்னுறுப்புக்குப் பொருள் தருவது அகராதி மட்டுமன்று; அவ்வுறுப்பைத் தாங்கிய பிற சொற்களும் தருகின்றன. ஆகவே மறைவதைக் 'கணப்பிழை' என்றும், நிற்பதை 'நிலைப்பிழை' என்றும் வழங்கலாம் என்பது நம் கருத்து.

இப்பெயர்கள் இருந்தால் தேடும் முறையும் தெளிவாகும். பெட்டியின் பிழைப் பதிவை முதலில் படிக்க வேண்டும். அணைத்துவிட்டால் சில பெட்டிகளில் அதுவும் போய்விடும். ஒரே முகவரியா, வெவ்வேறு முகவரியா என்று பார்க்க வேண்டும். 1950இல் ஹாமிங் வெளியிட்ட குறிமுறையின் வழிவந்த திருத்தம் உள்ள நினைவகங்கள் ஒற்றைப் பிட்டுப் பிழையைத் தாமே திருத்தி, இரட்டைப் பிழையை அறிவிக்கும். திருத்தங்களின் எண்ணிக்கை ஒரே இடத்தில் ஏறிக்கொண்டே போனால் அங்கே நிலைப்பிழை உருவாகிறது எனலாம். அதன்பிறகே வரிசையை முறையாக நிறுத்தி, மாட்யூலைக் கழற்றி, இணைப்புமுனைகளைத் துடைத்து, வேறு செருகிடத்தில் இட்டுப் பார்ப்பது. பிழை மாட்யூலோடு சென்றால் மாட்யூலில் குறை. பழைய இடத்திலேயே நின்றால் செருகிடத்தில் குறை.

அம்மாணவர் இப்போது தம் குறிப்பேட்டில் 'கணம்', 'நிலை', 'பேட்டரி', 'செருகிடம்' என நான்கு பத்திகள் இட்டிருக்கிறார். மாட்யூலுக்கு மட்டும் இன்னும் சொல் அமையவில்லை. 'கூறு' என்றோம், "கூறு போட்டு விற்கிற மீனா ஐயா?" என்று சிரித்தார். அவையில் உள்ள மாணவர்கள் ஒரு சொல் தந்தால் எழுதிக்கொள்வோம்.