கழுவி முடித்தபின் ஒரு பத்து நிமிடம்

இந்த மாதக் கூட்டத்தில் பேச வேண்டும் என்று நம் செயலாளர் கேட்டபோது, சீனியர் சிட்டிசன் டெபாசிட் பற்றித்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். "இல்லை சார், பேஸ்மெண்ட் மூலையில் துணி போர்த்தி நிற்கிறதே, அந்தச் சிவப்பு வண்டி" என்றார். பலர் நினைப்பதுபோல் அது என் வண்டி இல்லை. வெளிநாட்டில் இருக்கும் என் மைத்துனருடையது. லாக்கர் சாவியைக் காத்த உத்தியோகம் ஓய்வுக்குப் பிறகும் தொடர்கிறது, அவ்வளவுதான்.

அது 1968-ஆம் வருடத்து டிரையம்ப் ஸ்பிட்ஃபயர். இரண்டே பேர் உட்காரக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார். இங்கிலாந்து வண்டி என்றாலும் நமக்குத் தூரத்து உறவு. ஒரு காலத்தில் நம் சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு இங்கே பலருக்கு நினைவிருக்கும். அந்த ஹெரால்டின் சேஸிஸைக் குறுக்கித்தான் ஸ்பிட்ஃபயரைச் செய்தார்கள். குறுக்கியபோது பக்கவாட்டுச் சட்டங்களை எடுத்துவிட்டார்கள். அதனால் கதவுக்குக் கீழே முன்னும் பின்னுமாக ஓடும் பெட்டி போன்ற தகடு இந்த வண்டியில் அலங்காரத்துக்கு இல்லை. எடையைத் தாங்குவதே அதுதான். அதற்குள் துரு பிடித்தால் வண்டி நடுவில் தொய்ந்துவிடும். கதவின் மேல் இடுக்கு குறுகிக்கொண்டே வந்தால் உள்ளே ஏதோ நடக்கிறது என்று அர்த்தம்.

இனி என் தவறுக்கு வருகிறேன். சென்ற வருடம் ஒரு ஞாயிறு காலை, கேட் பக்கம் வண்டியைச் சோப்பு போட்டுக் கழுவினேன். மேலே துடைத்துப் பளபளப்பாக்கிவிட்டு, நேராக பேஸ்மெண்ட் சரிவில் இறக்கினேன். பிரேக்கை மிதித்தால் வண்டி வழக்கம்போல் பிடிக்கவில்லை. இடது பக்கமாக இழுத்தது. சரிவின் அடியில் நம் குடியிருப்புக் குழந்தை ஒன்று சைக்கிளோடு நின்றிருந்தது. ஒரு முழ தூரத்தில் வண்டி நின்றது. அன்று சாப்பாடு இறங்கவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை, இன்றுதான் சொல்கிறேன்.

மெக்கானிக் பிரித்துப் பார்த்தபோது இரண்டு காரணங்கள் தெரிந்தன. ஒன்று, பிரேக்கில் தண்ணீர் தங்கியிருந்தது. மற்றொன்று, வலது முன்சக்கர பிரேக்கின் பிஸ்டன் துருவேறி இறுகியிருந்தது. அதற்குக் காரணம் வெளியில் ஊற்றிய தண்ணீர் அல்ல. பிரேக் ஆயிலுக்குக் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியதை நான்கு வருடம் விட்டிருந்தேன். ஈரம் உள்ளிருந்தே அரித்துவிட்டது. பாஸ்புக்கில் வட்டி வரவு வைக்க மறந்தால் திட்டு வாங்கியவன், இதை மறந்திருக்கிறேன்.

இப்போது செய்வதைச் சொல்கிறேன். முதலில் தண்ணீர். நம் குடியிருப்பில் ஆர்.ஓ. கழிவுநீரில்தான் கார் கழுவுகிறோம். நல்ல ஏற்பாடு, நானும் கை தூக்கியவன்தான். ஆனால் வடிகட்டிய உப்பெல்லாம் அந்தக் கழிவில்தான் சேர்கிறது. அடிப்பாகத்தில் அது காய்ந்தால் உப்புப் படிவு நிற்கும். ஏற்கெனவே கடற்காற்று வேறு. ஆகவே சோப்புக்கு அதை வைத்துக்கொண்டு, கடைசியாக அலச மட்டும் இரண்டு வாளி மெட்ரோ தண்ணீரோ பிடித்து வைத்த மழைநீரோ எடுக்கிறேன். சக்கரத்தின் மேல் பிரஷர் வாஷரைக் காட்டுவதில்லை. அந்த வேகத்தில் தண்ணீர் பேரிங்குக்குள்ளும் டிரம்முக்குள்ளும் புகுந்துவிடும்.

சேஸிஸிலும் கதவடித் தகட்டிலும் தண்ணீர் வடிய ஓட்டைகள் விட்டிருப்பார்கள். சேறு அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளேயே குளம் கட்டும். ஒரு மெல்லிய குச்சியால் குத்திவிட்டால் போதும். பழைய துருவின் மேல் கறுப்பு அண்டர்கோட் பூசுவது வீண் செலவு மட்டுமல்ல, ஈரத்தை உள்ளே பூட்டி வைப்பதும்கூட. துருவை எடுத்து, நன்றாகக் காய்ந்தபின் உட்குழிவுகளில் மெழுகு அடிப்பதுதான் சரி.

முக்கியமானது இதற்குப் பிறகுதான். துடைத்ததும் வண்டியை நிறுத்திவிடாதீர்கள். தெருவில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, மெதுவாக ஒரு பத்து நிமிடம் ஓட்டுங்கள். இடையிடையே பிரேக்கை லேசாக மிதியுங்கள். அந்தச் சூட்டில் ஈரம் காயும். டிஸ்க்கில் படிந்த மெல்லிய துருவும் தேய்ந்து போகும். கழுவிய மறுநாள் டிஸ்க் செம்பழுப்பாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். அது வார்ப்பிரும்பு, சில மணி நேரத்திலேயே அப்படி ஆகும். அதைப் போக்க எண்ணெய் ஸ்பிரே அடிக்கும் எண்ணம் மட்டும் யாருக்கும் வரவே கூடாது, பிரேக் பிடிக்காது. எலெக்ட்ரிக் கார் வைத்திருப்பவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் வண்டியில் மோட்டாரே வேகத்தைக் குறைப்பதால் டிஸ்க் குறைவாகத் தேய்கிறது. அதனால் துரு அதிக நாள் தங்கும்.

நீண்ட நாள் நிறுத்துவதாக இருந்தால் ஹேண்ட் பிரேக் போட வேண்டாம். ஒருமுறை போட்டுவிட்டு மூன்று வாரம் கும்பகோணம் போய்விட்டேன். திரும்பி வந்தால் பின்சக்கரம் இரண்டும் டிரம்மோடு ஒட்டிக்கொண்டு நகர மறுத்தன. இப்போது கியரில் போட்டு, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைக்கிறேன். பிளாஸ்டிக் தார்ப்பாயையும் தூக்கிப் போட்டாயிற்று. அது உள்ளே வியர்க்கும். காற்று புகும் பருத்தித் துணிதான் இப்போது.

வரும் ஞாயிறு காலை 7 மணிக்குக் கழுவப்போகிறேன். பார்க்க விரும்புபவர்கள் கேட் பக்கம் வரலாம். குழந்தைகளையும் அழைத்து வாருங்கள். ஆனால் வண்டியை இறக்கும்போது சரிவின் அடியில் யாரும் நிற்கக்கூடாது. காவலாளித் தம்பியிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.