செந்தூலில் ஸ்பிரிங் வாங்கப் போகுமுன்



தோட்டப் பள்ளி ஆசிரியன் மோட்டார் காடியின் ஸ்பிரிங்கைப் பற்றிப் பேச வந்திருப்பது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். காரணம் இருக்கிறது. நம் பிள்ளைகள் பலர் படிப்பு முடிந்ததும் கோலாலம்பூருக்கு வேலைக்குப் போகிறார்கள். சம்பளத்தில் மிச்சம் பிடித்து, அப்பாவின் சேமிப்பிலும் கொஞ்சம் கேட்டு வாங்கி, பழைய புரோட்டோன் சத்ரியா ஒன்றை வாங்கிவிடுகிறார்கள். அடுத்த மாதமே அதைப் பந்தய வண்டி போலத் தாழ்த்த வேண்டும் என்ற ஆசை பிறக்கிறது. பிறகு தீபாவளி வருகிறது. அதே வண்டியில் அம்மாவையும் தங்கையையும் ஏற்றிக்கொண்டு, அடைமழையில் நெடுஞ்சாலையில் வருகிறார்கள். ஆகவே அந்த ஸ்பிரிங்கின் மேல் உட்கார்ந்திருப்பது முழுக் குடும்பமும்தான்.

செந்தூல் என்றதும் நம் பெரியவர்களுக்கு நினைவு வருவது ரயில் பட்டறை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைந்த அந்தப் பட்டறையில் நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்தார்கள். 1945இல் நேச நாட்டு விமானங்கள் அதன் மேல் குண்டு போட்டன. போருக்குப் பின் அது மறுபடி எழுந்தது. பெரிய பழுது வேலைகள் பின்னாளில் பத்துகாஜாவுக்குப் போய்விட்டன. ரயில் பெட்டிக்கு எந்த ஸ்பிரிங் என்பதைத் தீர்மானிப்பது அதன் எடை. காடிக்கும் அதே கணக்குத்தான். ஆனால் இன்று செந்தூல், ஜாலான் ஈப்போ பக்கத்துக் கடைகளில் தம்பிமார் ஸ்பிரிங் வாங்கும்போது பார்ப்பது நிறத்தை, அல்லது கூட்டாளி என்ன போட்டிருக்கிறான் என்பதை.

அவர்கள் கேட்டு வாங்கும் பொருளுக்குக் கோயிலோவர் என்று பெயர். வீட்டில் இந்தப் பெயரைக் கேட்டுப் பாட்டிமார் கோயில் திருப்பணி என்று எண்ணிக்கொண்டால் அது அவர்கள் குற்றமல்ல! கோயில் என்றால் இங்கே சுருள். அப்சோர்பரின் உடலில் திருகு மரை வெட்டி, அதைச் சுற்றிச் சுருள் ஸ்பிரிங்கை மாட்டி, கீழே ஒரு வளையத்தைத் திருகி உயரத்தைக் கூட்டிக் குறைக்கும்படி செய்திருப்பார்கள். அப்சோர்பர் நன்றாக இருக்கும்போது ஸ்பிரிங்கை மட்டும் மாற்றலாம். எதை வாங்குவது என்பதுதான் கேள்வி.

தோட்டத்தில் தொங்கவிட்டு நிறுக்கும் ஸ்பிரிங் தராசைப் பார்த்திருப்பீர்கள். 5 கிலோ தொங்கவிட்டால் முள் எவ்வளவு இறங்குகிறதோ, 10 கிலோவுக்கு அதைப் போல் இரண்டு மடங்கு இறங்கும். இதை ராபர்ட் ஹூக் என்ற ஆங்கிலேய அறிஞர் 1678இல் நூலாக எழுதி வெளியிட்டார். காடி ஸ்பிரிங்கில் 6 கே என்று அச்சிட்டிருந்தால், 6 கிலோ எடைக்கு 1 மில்லிமீட்டர் அமுங்கும் என்று பொருள். சிலவற்றில் பவுண்டு, அங்குலக் கணக்கில் 400 என்று இருக்கும். அதை 56ஆல் வகுத்தால் நம் கணக்கு வந்துவிடும். ஏறக்குறைய 7 கே. மற்ற இரண்டு எண்களில் ஒன்று உள்விட்டம், மற்றது நீளம். உள்விட்டம் பழைய ஸ்பிரிங்கோடு ஒத்திருக்க வேண்டும்.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். முன்சக்கரம் ஒன்றின் ஸ்பிரிங் 270 கிலோ தாங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தொழிற்சாலையிலிருந்து வரும் மெல்லிய ஸ்பிரிங் 2 கே என்றால், வண்டி நிற்கும்போதே அது 135 மில்லிமீட்டர் அமுங்கியிருக்கும். 6 கே போட்டால் 45, 10 கே போட்டால் 27 மட்டுமே. வண்டி எவ்வளவு வேகமாக ஆடும் என்பதும் இதிலிருந்தே தெரியும். 2 கே ஸ்பிரிங்கில் நொடிக்கு ஒன்றேகால் தடவைக்குச் சற்று மேல். உடம்புக்குச் சுகமான ஆட்டம் இதுதான். 6 கே என்றால் 2 தடவைக்கு மேல். 10 கே என்றால் 3 தடவை. அது பந்தயத் திடலின் வழவழப்பான பாதைக்கு ஆகும். குழி விழுந்த செம்மண் சாலையில் சக்கரம் தரையைத் தொடுவதைவிடக் காற்றில் நிற்பதே அதிகமாகும். தரையைத் தொடாத சக்கரத்துக்கு பிரேக் பிடித்து என்ன பயன்? என் கருத்து கேட்டால், சாலையில் ஓடும் வண்டிக்கு 4 அல்லது 5 கே தாராளம்.

கூட்டாளியின் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சத்ரியாவின் முன்பக்கத்தில் ஸ்பிரிங் சக்கரத்துக்கு அருகிலேயே நிமிர்ந்து நிற்கிறது. 1990களின் ஹோண்டா சிவிக்கிலோ, அது சக்கரத்தைத் தாங்கும் கையின் நடுப்பக்கம் உட்கார்ந்திருக்கிறது. கதவைக் கைப்பிடியில் தள்ளுவதற்கும் கீலுக்கு அருகில் தள்ளுவதற்கும் உள்ள வேறுபாடுதான் இது. சக்கரம் 10 மில்லிமீட்டர் ஏறும்போது ஸ்பிரிங் 7 மட்டும் அமுங்கினால், 8 கே ஸ்பிரிங் சக்கரத்தில் 4 கே போலத்தான் வேலை செய்யும். சிவிக்காரன் 8 போட்டான் என்று சத்ரியாக்காரனும் 8 போட்டால், இவன் வண்டி இரண்டு மடங்கு விறைத்துப் போகும்.

காசில்லாத தம்பிமார் செய்யும் வேலை ஒன்று இருக்கிறது. பழைய ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டி எறிந்துவிடுவது. இதைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். 6 சுற்றில் 1 போனால் ஸ்பிரிங் ஐந்தில் ஒரு பங்கு விறைக்கும். 2 கே 2.4 ஆகும். 330 மில்லிமீட்டர் நீளம் 275 ஆகிவிடும். கணக்குப் பார்த்தால் வண்டி 32 மில்லிமீட்டர் இறங்குகிறது. குழியில் விழும்போது சக்கரம் மேலே ஏற முன்பு 80 மில்லிமீட்டர் இடம் இருந்தது என்றால், இனி 48தான். இடம் ஐந்தில் இரண்டு பங்கு குறைந்தது. விறைப்போ ஐந்தில் ஒரு பங்குதான் கூடியது. பின்பக்கத்தையும் இப்படி வெட்டிவிட்டு மூன்று பேரைப் பின்னால் ஏற்றினால், ஒவ்வொரு குழியிலும் அடி முட்டும். வெட்டிய முனை தன் இருக்கையில் சரியாகப் பொருந்தவும் பொருந்தாது. கேஸ் விளக்கால் சூடுகாட்டி இறக்குவது இதைவிட மோசம். எஃகின் பதமே போய்விடும்.

நீளத்திலும் கவனம் வேண்டும். மிகக் குட்டையானதை வாங்கினால், சக்கரம் கீழே தொங்கும்போது ஸ்பிரிங் இருக்கையில் கடகடவென்று ஆடும். நீளமும் சுற்றும் பொருந்தாமல் போனாலோ, அப்சோர்பர் முழுவதும் இறங்குமுன் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டி இரும்புத் தூண் போலாகிவிடும். அந்த நிலை வருமுன் ரப்பர் முட்டுதான் அடியைத் தாங்க வேண்டும். (காடியின் ரப்பர் உறுப்புகளில் நம் முன்னோர் சீவிய மரத்துப் பாலுக்கும் பங்கு உண்டு.)

கீழ் வளையத்தைத் திருகி இறுக்கினால் ஸ்பிரிங் விறைக்கும் என்று பட்டறைகளிலேயே சொல்கிறார்கள். அது தவறு. தராசின் கொக்கியைக் கொஞ்சம் இழுத்துக் கட்டினால் தராசு மாறிவிடுமா? வண்டியின் உயரம்தான் கூடும். 6 கே 6 கேயாகவே இருக்கும்.

ஸ்பிரிங் தள்ளும் வேகத்தை அடக்குவது அப்சோர்பர். கோயிலோவரோடு வந்த எண்ணிலிருந்து 2 கேக்கு மேல் ஏறினால் அப்சோர்பரின் வால்வையும் மாற்ற வேண்டிவரும் என்பது பட்டறைக் கணக்கு. அந்தச் செலவையும் சேர்த்துக் கேட்டுக்கொண்டு பிறகு வெள்ளியை எண்ணுங்கள். முன்னுக்கு மட்டும் விறைப்பாகப் போட்டால் வளைவில் வண்டி திரும்ப மறுக்கும். பின்னுக்கு மட்டும் போட்டால் மழையில் வால் சுழன்றுவிடும். இரண்டையும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் கூட்டுவதே நல்லது.

புரோட்டோன் 1996இல் இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனத்தின் பெரும்பங்கை வாங்கியது. சத்ரியா ஜிடிஐயின் அடிப்பாகத்தை அந்த லோட்டஸ் பொறியாளர்களே பக்குவப்படுத்தினார்கள். அதன் பழைய ஸ்பிரிங் தளர்ந்திருந்தால், அதே அளவில் புதியது வாங்கிப் போடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மாற்றும் வேலையை முற்றத்தில் வைத்துச் செய்ய வேண்டாம். அமுக்கி வைத்த ஸ்பிரிங் நழுவினால் முகத்தில் பாயும். அதற்குரிய இறுக்கும் கருவியும் பழகிய கையும் வேண்டும். வண்டியின் அமைப்பை மாற்றுவதற்குச் சாலைப் போக்குவரத்து இலாகாவின் விதிகள் உண்டு. வாங்குமுன் அங்கே விசாரித்துக்கொள்ளுங்கள். விபத்து நேர்ந்தால் காப்புறுதிக்காரர் முதலில் கேட்பதும் இதைத்தான். மாட்டிய பிறகு சக்கரங்களின் கோணத்தைச் சரிபார்க்க வேண்டும். ஒரு வாரம் ஓட்டிவிட்டு, நான்கு மூலையிலும் உயரத்தை அளந்து, வளையங்களை மறுபடி இறுக்குங்கள். அளக்கும்போது ஓட்டுநர் இடத்தில் ஒருவரை உட்கார வையுங்கள்.